பக்கத்தில் வந்து பார்த்தால் தெரியும் அழகு





சிருஷ்டியைப் பார்த்துச் சிருஷ்டிகரைத் துதிப்பது நமக்குக் கடினமான காரியமல்ல. வெள்ளியங்கிரி மலையில் உற்பத்தியாகும் நொய்யலின் தண்ணீர் சூலூர் குளங்களை நிரப்பி நிற்கும் நாளில், கரையில் நின்று பார்க்கிற எவருக்கும் மனம் நிறைந்துவிடும். நீர்க்காகம் சிறகை விரித்து வெயில் காய்கிறது. நாரை அசையாமல் நிற்கிறது. இந்த அழகை ஒருவரும் நமக்கு விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் அதே தேவன் உண்டாக்கின ஒரு குழந்தை, கழுத்து நிற்காமல், வாயில் எச்சில் ஒழுக, தாயின் தோளில் சாய்ந்து ஆலயத்துக்குள் வரும்போது, நம்மில் எத்தனை பேர் அதே துதியோடு பார்க்கிறோம்? அநேகர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம், அல்லது உற்றுப் பார்த்து அந்தத் தாயைக் கூசச்செய்கிறோம். இதைக் குறித்தே இந்த மாதம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறோம்.

கொறங்காடு கற்றுத்தரும் பாடம்

சூலூரிலிருந்து திருச்சி சாலையில் பல்லடம் தாண்டிக் காங்கேயம் பக்கம் போனால், கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலங்களைக் காணலாம். கொறங்காடு என்று இவற்றைச் சொல்வார்கள். கோடையில் கிளுவை இலையுதிர்ந்து வெறும் முள்ளாக நிற்கும். கொழுக்கட்டைப் புல் காய்ந்து மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். பஸ்ஸில் போகிறவர் பார்த்தால், ஒன்றுக்கும் உதவாத தரிசு என்று நினைப்பார். அந்த நிலத்துக்காரர் அப்படி நினைப்பதில்லை. புல்லின் வேர் சாகவில்லை என்பது அவருக்குத் தெரியும். ஒரு மழை பெய்தால் தூர் பச்சை பிடிக்கும். காங்கேயம் மாடுகள் மேய்ந்து வளர்வது இந்த நிலத்தில்தான்.

இரண்டு பேர் பார்ப்பதும் ஒரே நிலம்தான். ஒருவர் கடந்துபோகிறவர், மற்றவர் அங்கேயே இருக்கிறவர். சில அழகுகள் தூரத்திலிருந்தே தெரியும். சில அழகுகள் பக்கத்தில் வந்து தங்குகிறவர்களுக்கு மட்டுமே தெரியும்.

கொல்லிமலையில் வளர்ந்த வைத்தியர்

இதற்கு நம் கொங்கு நாட்டிலேயே ஒரு சாட்சி உண்டு. டாக்டர் பால் பிராண்ட் அவர்கள் 1914-ஆம் ஆண்டு மிஷனெரி பெற்றோருக்கு மகனாகப் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்தார். தகப்பனார் ஜெஸ்ஸி பிராண்ட், மலையின் செடிகொடிகளையும் பூச்சி பறவைகளையும் மகனுக்குக் காட்டி, நின்று கவனித்துப் பார்க்கப் பழக்கினார். 1929-இல் அவர் காய்ச்சலில் மரித்தார். தாயார் எவலின் அம்மையார் தமது முதிர்வயதிலும் மலைகளில் ஊழியம் செய்து, 1974-இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

பால் பிராண்ட் 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கச் சென்றார். நோயாளிகளின் விரல்கள் மடங்கி, கைகள் பறவையின் நகம்போல வளைந்திருந்தன. அவை செத்துப்போன கைகள் என்றே எல்லாரும் எண்ணியிருந்த காலம் அது. அவர் ஒரு நோயாளியின் கைக்குள் தம் கையை வைத்து, பலமாக அழுத்தும்படி சொன்னார். அந்தப் பிடி அவருக்கே வலிக்கும்படி இறுகியது! வளைந்துபோன அந்தக் கையில் நல்ல தசைகள் உயிரோடிருந்தன. நல்ல தசையின் நாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலைக்கு மாற்றிப் பொருத்தலாம் என்பதை அவர் கண்டார். அந்த அறுவை சிகிச்சையால் மடங்கிய விரல்கள் மீண்டும் விரிந்தன.

தூர நின்று பார்த்தவர்கள் கண்டது முடங்கின கையை. பிடித்துப் பார்த்தவர் கண்டதோ அதற்குள் இருந்த பெலனை.

"பாவம்" என்னும் வார்த்தை

விசேஷ தேவையுள்ள பிள்ளைகளைக் கண்டதும் நம் வாயில் முதலாவது வருகிற சொல், "ஐயோ, பாவமுங்க" என்பதே. இரக்கத்தினால்தான் சொல்லுகிறோம். ஆனால் அந்தத் தாயின் காதில் அது வேறுவிதமாய் விழுகிறது. தமிழிலே பரிதாபத்துக்கும் பாவம், அக்கிரமத்துக்கும் பாவம். யார் செய்த பாவமோ, கிரகணத்தன்று வெளியே வந்தாளோ என்று உறவினர் பேசக் கேட்டு நொந்திருக்கும் தாய்க்கு, நம் இரக்கமும் குற்றச்சாட்டாகவே கேட்கிறது. பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்களும், இது யாருடைய பாவத்தின் பலன் என்றே ஆண்டவரிடம் கேட்டார்கள். அவனும் அல்ல, அவனைப் பெற்றவர்களும் அல்ல என்பதே அவர் கொடுத்த மறுமொழியின் கருத்து (யோவான் 9-ஆம் அதிகாரம்).

மருத்துவமும் இங்கே நமக்குத் தெளிவு தருகிறது. டவுன் சின்ட்ரோம் என்பது, 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்று இருப்பதால் உண்டாவது. 1959-இல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் இதை வெளியிட்டார்கள். ஏறக்குறைய ஆயிரம் பிறப்புகளில் ஒன்று இப்படி அமைகிறது. மூளை முடக்குவாதமோ, வளரும் மூளைக்குப் பிறப்புக்கு முன்னோ, பிரசவ நேரத்திலோ, பிறந்த சிறிது காலத்திலோ நேர்கிற பாதிப்பினால் வருவது. குறைமாதப் பிறப்பு, கடுமையான மஞ்சள் காமாலை, கிருமித் தொற்று, மூச்சுத் திணறல் ஆகியவை இதற்குக் காரணங்களாகலாம். கிரகணமும் இல்லை, சாபமும் இல்லை.

இந்தப் பிள்ளைகள் வெகு சிலரல்ல. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் மட்டும் ஊனமுற்றோர் 11 லட்சத்து 79 ஆயிரத்துக்கும் மேல். அத்தனை பேரையும் நாம் தெருவிலும் ஆலயத்திலும் காண்கிறோமா? அநேகர் வீட்டின் பின்கட்டிலே, வெட்கத்தினால் மறைத்து வைக்கப்பட்டிருக்கிறார்கள்.

சாதிப்பதனால் வரும் அழகல்ல

டாக்டர் மேரி வர்கீஸ் அவர்களை நீங்கள் அறிந்திருப்பீர்கள். 1954-இல் நேர்ந்த வாகன விபத்தில் இரு கால்களும் செயலிழந்தபின், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். 1966-இல் வேலூரில் திறக்கப்பட்ட மறுவாழ்வு மையத்துக்கு முன்னோடியாய் இருந்தவரும் அவரே. அவருக்காகத் தேவனைத் துதிக்கிறோம்.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம். எல்லாப் பிள்ளைகளும் அப்படிச் சாதிப்பதில்லை. பத்து வயதாகியும் ஒரு வார்த்தை பேசாத பிள்ளை உண்டு. வாழ்நாளெல்லாம் ஊட்டிவிட வேண்டிய பிள்ளையும் உண்டு. அந்தப் பிள்ளையின் அழகு எங்கே? தினமும் அருகில் இருக்கிற தாயைக் கேட்டால் சொல்லுவாள். பசிக்கு ஒரு சத்தம், சந்தோஷத்துக்கு வேறொரு சத்தம், தகப்பன் வரும் வண்டியின் ஓசை கேட்டதும் முகத்தில் ஒரு பிரகாசம். குளத்து நாரை ஒன்றையும் சாதித்ததனால் நாம் அதை அழகென்று சொல்லவில்லையே! தேவ கரம் அதை உண்டாக்கிற்று என்பதே போதுமானதாயிருந்தது. பேசாத பிள்ளைக்கும் அதுவே போதும்.

அதற்காகத் தாயின் பாரத்தை லேசாக எண்ணிவிடக்கூடாது. தூக்கமில்லாத இரவுகளும், தனக்குப் பின் யார் பார்ப்பார் என்ற கவலையும் அவளுக்கு உண்டு. அழகைக் காண்கிற நாம் பாரத்தைச் சுமக்கவும் கடமைப்பட்டிருக்கிறோம்.

நாம் செய்யக்கூடியவை

ஐந்தாம் மாதமாகியும் தலை நிற்காத, ஒரு வயதை நெருங்கியும் உட்காராத குழந்தையைக் கண்டால், "தானாகச் சரியாகிவிடும்" என்று தேற்றாமல் வைத்தியரிடம் அனுப்புங்கள். முதல் சில வருஷங்களில் தொடங்கும் பயிற்சி மிகுந்த பலன் தரும். டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகளில் சுமார் பாதிப்பேருக்கு இருதயக் கோளாறு இருக்கக்கூடும். அதையும் காலத்தோடே பரிசோதிக்கவேண்டும். வேலூர் சி.எம்.சி.யைச் சேர்ந்த நம்பிக்கை நிலையத்தில், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் பெற்றோர்களுக்கே பயிற்சி கொடுக்கப்படுகிறது.

ஆலயத்தில் அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லி அழையுங்கள். ஓய்வுநாள் பள்ளியில் இடம் கொடுங்கள். ஆராதனை நடுவே சத்தமிட்டால் திரும்பிப் பார்க்காதிருங்கள்; அதுவும் அந்தப் பிள்ளையின் துதியாக இருக்கலாம். ஒரு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, தாயை இளைப்பாற விடுங்கள்.

ஜெபக் குறிப்புகள்

1. வீட்டுக்குள் மறைக்கப்பட்டிருக்கும் பிள்ளைகள் வெளியே கொண்டுவரப்பட.
2. சோர்ந்துபோன தாய் தகப்பன்மாருக்குப் புதுப்பெலன் கிடைக்க.
3. இந்தப் பிள்ளைகளைப் பராமரிக்க அர்ப்பணிப்புள்ள தெரப்பிஸ்டுகளும் ஆசிரியர்களும் எழும்ப.
4. நம் சபைகள் இவர்களுக்குத் திறந்த வீடாயிருக்க.

கர்த்தர் தாமே நம் கண்களைத் திறப்பாராக. ஆமென்.

அவருடைய பணியில்,
உங்கள் அன்பின் ஊழியர்கள்,
சூலூர்