கொலாஜனில் படியும் சர்க்கரை

நம் உடம்பில் மிக அதிகமாக உள்ள புரதம் கொலாஜன். தோல், தசைநாண், எலும்பு, ரத்தக்குழாய்ச் சுவர் என எல்லாம் அதன் பலத்தில்தான் நிற்கின்றன. மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட அதன் வடிவத்தை 1954-ல் முன்வைத்தவர்கள், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும்.

அந்த முறுக்கு தானாக நிலைப்பதில்லை. இழையிலுள்ள புரோலின் என்ற அமினோ அமிலங்கள் பலவற்றை ஒரு நொதி ஹைட்ராக்சிபுரோலினாக மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால் சுமார் 24 டிகிரி செல்சியஸிலேயே இழைகள் பிரிந்துவிடும். உடம்பின் சூடோ 37 டிகிரி. அந்த நொதி ஓயாமல் வேலை செய்ய வைட்டமின் சி தேவை. மாதக்கணக்கில் காய்கனி கிடைக்காத மாலுமிகளுக்கு ஈறில் ரத்தம் கசிந்ததும், ஆறிய புண்கள் மறுபடி திறந்ததும் இதனால்தான்.

இவை உடம்பு திட்டமிட்டுச் செய்யும் மாற்றங்கள். திட்டமில்லாமல் நடக்கும் மாற்றம் ஒன்றும் உண்டு; நீரிழிவு பரவலாக உள்ள நம் ஊருக்கு அதுவே முக்கியம் என்பேன். ரத்தத்தில் உள்ள குளுக்கோஸ், நொதி எதுவும் இல்லாமலே புரதத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. கல்லில் தோசை சிவப்பதும் இந்த வகை வினைதான். 1912-ல் பிரான்சின் லூயி கமீ மயார் இதை விவரித்தார். உடம்பின் இளஞ்சூட்டில் இது மிக மெதுவாக நடக்கிறது.

சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதனால் ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரை அணுவோடு சேர்ந்து போய்விடும். மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை இதை வைத்துத்தான் நடக்கிறது. கொலாஜன் அப்படி அல்ல. தோலில் பல ஆண்டுகள், குருத்தெலும்பில் ஏறக்குறைய வாழ்நாள் முழுக்க, போட்டது போட்டபடி இருக்கும். ஒட்டிய சர்க்கரை மெல்ல உருமாறி, அடுத்தடுத்த இழைகளைப் பிணைத்துவிடுகிறது. குளுக்கோசிபேன் அப்படிப்பட்ட பிணைப்புகளில் முதன்மையானது. இழைகள் நகர முடியாமல் போகும்போது ரத்தக்குழாய் விறைக்கிறது, மூட்டு இறுகுகிறது. நெடுநாள் நீரிழிவு உள்ள சிலருக்குக் கைகூப்பினால் உள்ளங்கைகள் முழுதாகச் சேராது. மருத்துவர்கள் அதை ஓர் அறிகுறியாகவே பார்க்கிறார்கள்.

விழுந்த பிணைப்பை அறுக்கும் மருந்து இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. கடையில் விற்கும் கொலாஜன் பொடியும் அதைச் செய்யாது; வயிற்றுக்குள் போனதும் அது துண்டு துண்டாகச் செரித்துவிடும். ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் புதிதாக ஒட்டுவது குறைகிறது. நீரிழிவு உள்ளவர்களின் தோல் கொலாஜனை எடுத்துப் பார்த்த ஆய்வுகளில் இது தெளிவாகவே தெரிந்திருக்கிறது.