யந்திர விசாரணை – 17: சுற்றாத விசிறி

சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி மார்க்கமாகத் திருவண்ணாமலைக்கு ஏறக்குறைய 190 கிலோமீட்டர் தூரத்தை ஒரே மூச்சில் ஓடிவந்த கார் ஒன்று, வழி நெடுக உஷ்ணமானியின் முள்ளை நடுக்கோட்டைத் தாண்டவிடாமல் சமர்த்தாக வந்துவிட்டு, அண்ணாமலை கண்ணுக்குத் தெரிந்து, ஊர் எல்லையும் நெருங்கி, பௌர்ணமிக் கூட்டத்தின் நிமித்தம் வாகனங்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்வதும் நிற்பதுமாக ஆன அரைமணி நேரத்துக்குள் கொதித்து ஆவி கக்கி நின்றுவிடுமானால், பார்ப்பவர்களில் பாதிப் பேர் "இவ்வளவு தூரம் ஓடின களைப்பு" என்பார்கள், மீதிப் பேர் "அக்கினி ஸ்தலம் அல்லவா!" என்பார்கள். இரண்டும் காரணமல்ல. ஓடின தூரத்துக்கும் அந்தக் கொதிப்புக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஓடாமல் நின்றதுதான் வினை.

எஞ்சினுக்குள் எரிகிற பெட்ரோலின் சக்தியில் சக்கரத்தைச் சுற்ற உதவுவது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவே. மிச்சமெல்லாம் உஷ்ணமாகி, ஒரு பகுதி புகையோடு வெளியேறுகிறது. இன்னொரு பகுதியை எஞ்சினைச் சுற்றிவரும் நீர் ஏந்திக்கொண்டு போய், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் காற்றிடம் ஒப்படைக்கிறது. வண்டி மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அந்தக் காற்று கேளாமலே வந்து மோதுகிறபடியால் விசிறிக்கு அநேகமாக வேலையே கிடையாது. ஆகவே விசிறி மாதக்கணக்கில் செத்துக் கிடந்தாலும் நெடுஞ்சாலை அதைக் காட்டிக்கொடுப்பதில்லை. கிரிவலப் பாதைக்கு அப்பால் போலீஸார் மறித்து நிறுத்தும் வரிசைதான் காட்டிக்கொடுக்கிறது. அந்த 14 கிலோமீட்டர்ப் பாதையின் அஷ்ட லிங்கங்களில் அக்கினி, வருணன், வாயு மூவர் பெயராலும் லிங்கங்கள் இருப்பதை நினைக்கும்போது, மோட்டார் வண்டியின் குளிர்ச்சி சாஸ்திரம் முழுவதும் இந்த மூவருக்குள் அடக்கம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு; பக்தர்கள் பொறுத்தருள வேண்டும்.

ரேடியேட்டருக்குப் பின்னால் விசிறி வைக்கும் யோசனை நேற்று பிறந்ததல்ல. வில்ஹெல்ம் மைபாக் என்ற ஜெர்மானிய நிபுணர் 1900-ம் ஆண்டில் உருவாக்கிய 35 குதிரைச் சக்தி மெர்ஸிடிஸ் வண்டியில், 8,070 சிறு குழாய்களைத் தேன்கூடு போல் அடுக்கிய ரேடியேட்டரோடு, மெதுவாகப் போகும் சமயத்துக்கென்று ஒரு விசிறியும் இருந்தது. நம் ஊர்களில் 2014 வரையில் உற்பத்தியாகி வந்த அம்பாஸடரில் எஞ்சினே பெல்ட் மூலம் விசிறியைச் சுற்றியது. எஞ்சின் ஓடினால் விசிறியும் ஓடும், பெல்ட் அறுந்தால் பானெட்டைத் தூக்கின மாத்திரத்தில் தெரியும், விசாரணைக்கே இடமில்லை. 1983 டிசம்பரில் வீதிக்கு வந்த மாருதி 800-ல் எஞ்சின் குறுக்குவாட்டில் படுத்துக்கொண்டது. அதன் தண்டு பக்கவாட்டைப் பார்க்கிறது. ரேடியேட்டரோ முன்பக்கம் பார்க்கிறது. ஆகையால் பெல்ட் உறவு அறுந்து, விசிறிக்குத் தனி மின்சார மோட்டார் வந்தது. வேண்டியபோது மட்டும் சுற்றுவதால் பெட்ரோல் மிச்சம் என்பது லாபம். வேண்டியபோது சுற்றாமல் போவதற்குப் பத்துக் காரணங்கள் முளைத்தது நஷ்டம்.

அந்தப் பத்தையும் மூன்று வகுப்பில் அடக்கிவிடலாம். நீர் சூடேறியதை அறிந்து சொல்லும் சென்ஸார் ஒன்று. அதைக் கேட்டு உத்தரவிடும் கம்ப்யூட்டரும், அந்த உத்தரவின்படி பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலேயும் இரண்டாவது. ஃபியூஸ், ஒயர், மோட்டார் ஆகிய உழைப்பாளிக் கூட்டம் மூன்றாவது. நீரின் சூடு 95 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குள் ஏறும்போது பெரும்பாலான வண்டிகளில் விசிறி சுற்றத் தொடங்கி, சில டிகிரி இறங்கியதும் நின்றுவிடும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி விட்டாலும் வெளியே தெரிவது ஒரே காட்சிதான்: அசையாத விசிறி. அதைக் கண்டவுடன் விசிறியையே குற்றவாளியாக்கி, மோட்டார், கூடு எல்லாம் சேர்ந்த முழு செட்டையும் ஆயிரக்கணக்கில் கொடுத்து மாற்றுகிறவர்கள் உண்டு. புது விசிறியும் சுற்றாமல் நிற்கும்போதுதான் விசாரணையே ஆரம்பமாகிறது.

தொழில் தெரிந்த மெக்கானிக் பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் வாயைத் திறப்பான். "ஏன் சாமி, வண்டி நிக்கறப்ப மட்டுந்தான் சூடேறுதா, ஓடறப்பவுமா?" என்பது அவனுடைய முதல் கேள்வி. ஓடும்போதும் ஏறுகிறது என்றால் விசிறியை விட்டுவிட்டு, தண்ணீர்க் குறைவு, அடைப்பு, பம்பு என்று அவன் புத்தி வேறு வழியில் போகும். நிற்கும்போது மட்டும் என்றால் அடுத்த கேள்வி: "ஏசி போட்டா ஃபேன் ஓடுதா?" இந்த ஒரு கேள்வி பாதி வேலையை முடித்துவிடுகிறது. ஏனெனில் ஏசி போட்டால் அநேக வண்டிகளில் நீரின் சூட்டைப் பாராமலே விசிறிக்கு உத்தரவு போய்விடும். அப்போது சுற்றினால் மோட்டாரும் ஒயரும் நிரபராதிகள். சந்தேகம் சென்ஸார் பக்கம் திரும்புகிறது. அப்போதும் சுற்றாவிட்டால் உழைப்பாளிக் கூட்டத்தையும் ரிலேயையும்தான் பிடிக்க வேண்டும். ஏசிக்கென்று தனி விசிறி வைத்த வண்டிகளில் மட்டும் இந்தப் பரீட்சை ஏமாற்றிவிடும். எந்த விசிறி சுற்றியது என்று குனிந்து பார்ப்பது நலம்.

உழைப்பாளிகளில் முதலில் ஃபியூஸ். பெரும்பாலும் 30 ஆம்பியர் அளவுள்ளது. எரிந்திருந்தால் மாற்றலாம், ஆனால் மாற்றியதும் மறுபடி எரிந்தால் மோட்டார் இறுகிக்கிடக்கிறது அல்லது ஒயர் எங்கேயோ உரசுகிறது என்று பொருள். அந்த இடத்தில் தடித்த கம்பியைச் சொருகிக்கொண்டு புறப்படுவது வண்டிக்கே தீ வைக்கிற காரியம். பிறகு ரிலே: அதே எண்ணுள்ள ஹாரன் ரிலேயைக் கழற்றி விசிறி ரிலேயின் இடத்தில் செருகிப் பார்த்தால், ஒரு காசு செலவில்லாமல் விஷயம் விளங்கிவிடும்.

ரிலேயும் சரியென்றால் மோட்டாருக்குப் போகும் கனெக்டரைக் கழற்றிக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இங்கேதான் நான் வாசகரைச் சற்று நிறுத்தி வைக்க விரும்புகிறேன், ஏனென்றால் அவசரக்காரர்கள் தாண்டிப் போகிற இடம் இது. நல்ல கனெக்டரின் இரு முனைகளும் மின்னும். கெட்டதில் ஒரு முனை மட்டும் கறுத்து, அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் பழுப்பேறி, ஓரம் லேசாக உருகி வழிந்திருக்கும், மூக்கருகே கொண்டுபோனால் கருகிய வாசனையும் அடிக்கும். பிடிப்புத் தளர்ந்த முனையில் தடை கூடுகிறது, தடை கூடிய இடத்தில் சூடு பிறக்கிறது, சூட்டினால் பிடிப்பு மேலும் தளர்கிறது. இப்படியே வளர்ந்து ஒருநாள் தொடர்பு அற்றுப்போகிறது. எர்த் ஒயர் பாடியில் திருகப்பட்ட இடத்தில் துரு ஏறினாலும் இதே கதிதான். இவையும் பழுதில்லையென்றால், பாட்டரியிலிருந்து இரண்டு ஒயர்களை நேராக மோட்டாருக்குக் கொடுத்துப் பார்க்கலாம். சுற்றினால் மோட்டார் பிழைத்தது. சுற்றாமல், முதுகில் லேசாகத் தட்டியதும் சுற்றினால், உள்ளே கார்பன் தேய்ந்துவிட்டது, ஆயுள் சொற்பம்.

சென்ஸார் வகுப்பில் பழைய வண்டிக்கும் புதிய வண்டிக்கும் பேதம் உண்டு. பழைய வண்டியில் இருப்பது வெறும் வெப்ப சுவிட்ச். அதன் இரண்டு ஒயர்களையும் சேர்த்தால் விசிறி சுற்ற வேண்டும், சுற்றினால் சுவிட்ச்தான் கெட்டது. புதிய வண்டியின் சென்ஸாரோ சூடு ஏற ஏறத் தன் மின்தடையைக் குறைத்துக்கொண்டு கம்ப்யூட்டருக்குச் செய்தி சொல்வது. அங்கே ஒயர்களைச் சேர்க்கலாகாது, எஞ்சின் ஓடும்போது சென்ஸாரின் கனெக்டரைக் கழற்றினால் போதும். செய்தி வராததைக் கண்ட கம்ப்யூட்டர், பல வண்டிகளில், ஆபத்தென்று எண்ணி விசிறியைத் தானே ஓட்டிவிடும். ஆனால் எல்லாம் சரியாக இருந்தும் விசிறி சுற்றாத ஒரு விசித்திரமும் உண்டு. கூலன்ட் குறைந்துபோய், சென்ஸாரின் முனை நீரில் முழுகாமல் வெறும் ஆவியில் நின்றால், எஞ்சின் கொதிக்கும்போதும் அது உண்மைச் சூட்டைச் சொல்லாது. அதனால் ரிசர்வாயரில் நீர்மட்டத்தைப் பார்ப்பதையே முதல் காரியமாக வைத்துக்கொள்ளலாம். அதற்குக் கருவியும் வேண்டாம், படிப்பும் வேண்டாம்.

ரேடியேட்டர் மூடியைச் சூடாக இருக்கும்போது திறக்கக் கூடாது என்று எல்லாரும் சொல்கிறார்கள், ஏனென்று சொல்வதில்லை. மூடி உள்ளே அழுத்தத்தைக் கட்டிவைப்பதனால் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கிறது. மூடியைத் திருகின கணத்தில் அழுத்தம் விட்டு, அதில் ஒரு பகுதி ஆவியாகி, கொதிநீரோடு முகத்தில் சீறும். விசிறிக்குப் பக்கத்தில் கை வைக்கிறவர்கள், சாவியை எடுத்த பின்னும் சில வண்டிகளில் அது தானாகச் சுற்றக்கூடும் என்பதை மறவாமல், முதலில் பாட்டரி முனையைக் கழற்றிவிடுவது நல்லது.

கூட்டத்தின் நடுவே முள் ஏறினால் ஏசியை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரை முழுவதும் திறந்துவிடுங்கள்; உள்ளே இருப்பவர்கள் வேர்த்தாலும் எஞ்சின் சற்று ஆறும். முள் சிவப்பைத் தொட்டால் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட வேண்டியதுதான். சூட்டோடு குளிர்ந்த நீரை ஊற்றினால் சிலிண்டர் ஹெட் கோணிப்போகும் அல்லது வெடிக்கும், அந்தச் செலவுக்கு முன்னால் பத்து விசிறிகளின் விலை அற்பம்.

தீபத்துக்கோ பௌர்ணமிக்கோ திருவண்ணாமலைக்குக் காரில் கிளம்ப உத்தேசித்திருக்கும் வாசகர்கள், முதல் நாளே வீட்டு வாசலில் ஏசி போடாமல் எஞ்சினை இருபது நிமிஷம் நின்றபடி ஓடவிட்டு, முள் நடுவைத் தாண்டுவதற்குள் விசிறி தானாகச் சுற்றுகிறதா, சற்று நேரத்தில் தானாக நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இரண்டும் நடந்தால் புறப்படலாம். ஒன்று நடக்காவிட்டாலும் அரசு பஸ்ஸில் போய் வாருங்கள். அடுத்த வாரம் தண்ணீர்ப் பம்பு.