மொழி கற்க வந்த இளைஞர்கள்



தங்காக் துணிக்கடைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். கல்யாணத்திற்கும் தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் துணி எடுக்க மூவாரிலிருந்தும் மலாக்காவிலிருந்தும் சிகாமட்டிலிருந்தும் மக்கள் இங்கே வருவதுண்டு. அந்தக் கடைகளுள் ஒன்றில் கால்மணி நேரம் சும்மா நின்று காதைத் தீட்டிக்கொண்டால் ஒரு வேடிக்கை புலப்படும். சீன முதலாளி மலாய்க்கார அம்மாளிடம் மலாயில் விலை சொல்வார். அடுத்த நொடியே நம் பாட்டியின் பக்கம் திரும்பி, "அம்மா, நல்ல துணி, சாயம் போகாது" என்று தமிழில் இரண்டு வார்த்தை விடுவார். கல்லாவில் இருக்கும் மகளிடம் சீனத்தில் கணக்குக் கேட்பார். பாட்டியும் இளைத்தவரல்லர், அவர் பேரம் பேசுவது மலாயில்.

இவர்களில் எவரும் இதைப் பள்ளியில் கற்கவில்லை, வாழ்க்கை கற்றுக்கொடுத்தது. கடைப்பலகைகளில் நாம் தினமும் காணும் 'கெடாய்' என்ற மலாய்ச் சொல் நம்முடைய 'கடை'தான். 'காப்பால்' என்பது நம் கப்பல். நாமோ சந்தைக்குப் போவதில்லை, 'பசார்' போகிறோம். கொடுத்ததும் வாங்கியதும் கணக்கில் சரியாகவே இருக்கின்றன.

இப்படிப்பட்ட ஊருக்கு, முதுகில் பை சுமந்த ஐரோப்பிய இளைஞர்களும் வருகிறார்கள். பெரும்பாலோர் 1,276 மீட்டர் உயரமுள்ள லேடாங் மலையில் ஏறிவிட்டுப் போகிறவர்கள். ஆனால் உலகின் பல ஊர்களில் இவர்களைப்போன்ற மாணவர்கள் மலை ஏறுவதற்காக அல்லாமல், பிறருடன் கூடி வேலை செய்யவும் பிறர் மொழியைக் கற்கவும் தம் மொழியைக் கற்பிக்கவும், சம்பளம் வாங்காமல் வருகிறார்கள். அவர்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

அதற்கு முன் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஐரோப்பிய இளைஞர்கள் மொழி கற்பது நம் வட்டாரத்துக்குப் புதிய செய்தியா? இல்லவே இல்லை. நம் பாட்டன்மார் பால்மரம் வெட்டிய காலத்தில், இருபது இருபத்திரண்டு வயது வெள்ளைக்கார இளைஞர்கள் கப்பலில் வந்திறங்கித் தமிழ் படித்தார்கள். 'சின்னத் துரை' என்று நாம் அழைத்தது அவர்களைத்தான். 1919ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தோட்ட நிருவாகிகளின் சங்கம், தமிழில் தேர்வே நடத்திற்று. அதற்கும் முன்னதாக, 1915ஆம் ஆண்டில், கொழும்பில் வெல்ஸ் என்பவர் எழுதிய ஒரு தமிழ்ப் பாடநூல் வெளிவந்தது. தேயிலைத் தோட்டத்திலும் இரப்பர்த் தோட்டத்திலும் தொழில் பழகும் இளைஞர்களுக்காகவே எழுதப்பட்ட நூல் அது. அதன் பெயர் 'கூலித் தமிழ்'. நம் மொழிக்கு இப்படியும் ஒரு பெயர் வைத்தார்கள்!

தோட்டத் துரைமாருக்குத் தேவைப்பட்ட தமிழ் எத்தகையது? வா, போ, வெட்டு, எடு, நிறுத்து. இலக்கணத்தில் இதை ஏவல் வினை என்போம். ஏவுகிறவன் மேலே, ஏவப்படுகிறவன் கீழே. துரை தமிழ் பேசினார் என்று பெருமையாகச் சொல்லும் முதியோரை நாம் இன்றும் காண்கிறோம். துரை தமிழ் பேசினார், உண்மைதான். ஆனால் கங்காணிக்கும் கிராணிக்கும் உத்தரவு போடும் அளவோடு பெரும்பாலோருடைய தமிழ் நின்றுவிட்டது. விதிவிலக்காகச் சிலர் மொழியில் ஆழ இறங்கியதும் உண்டு. அவர்களை நாம் மறுக்கவில்லை.

அதே காலத்தில் ஐரோப்பாவில் வேறொரு போக்கும் தோன்றியது. முதல் உலகப்போரில் பிரான்சு நாட்டின் வெர்டன் வட்டாரத்துக் கிராமங்கள் மண்ணோடு மண்ணாகிக் கிடந்தன. 1920ஆம் ஆண்டின் இறுதியில், பியர் செரசோல் என்னும் சுவிஸ் பொறியியலாளர் ஒரு சிறு குழுவைத் திரட்டிக்கொண்டு அங்குள்ள எஸ்ன் என்ற சிற்றூருக்குப் போனார். குண்டு விழுந்த பள்ளங்களைத் தூர்த்தார்கள், பாதையைச் செப்பனிட்டார்கள், தற்காலிக வீடுகள் கட்டினார்கள். அந்தக் குழுவில் ஜெர்மானியரும் இருந்ததுதான் வியப்பு. நேற்றுவரை குண்டு போட்ட நாட்டான் இன்று மண்வெட்டியோடு நிற்கிறான்! ஊரில் சிலரால் அதைப் பொறுக்க முடியவில்லை. எதிர்ப்பு வலுத்து 1921ஆம் ஆண்டில் வேலை நின்றுபோயிற்று. தோல்வி என்று பார்த்தால் தோல்விதான். ஆனால் அந்தத் தோல்வியிலிருந்துதான் இன்று பல நாடுகளில் வேலைமுகாம் நடத்தும் அனைத்துலகக் குடிமைத் தொண்டு என்னும் அமைப்பு வளர்ந்தது.

1934ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் பீகாரில் பெரும் பூகம்பம் நிகழ்ந்தது. செரசோல் இந்தியாவுக்கு வந்தார். இராஜேந்திர பிரசாத்தையும் காந்தியடிகளையும் சந்தித்தார். அவரும் அவரோடு வந்த ஐரோப்பியத் தோழர்களும் இந்தியத் தொழிலாளர்களுடன் சேர்ந்து வீடிழந்தோருக்குக் கிராமங்களை எழுப்பினார்கள். செரசோலின் தந்தை சுவிட்சர்லாந்தின் அதிபராக இருந்தவர். அந்த வீட்டுப் பிள்ளை பீகார் வெயிலில் மண் சுமந்தது அன்றைய இந்தியருக்குப் புதுமையாகத் தோன்றியிருக்க வேண்டும். வெள்ளைக்காரர் ஒருவர் ஏவாமல் சுமப்பதை அவர்கள் அதற்கு முன் எத்தனை முறை பார்த்திருப்பார்கள்?

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு இந்த இயக்கம் மாணவர் நடுவில் வேகமாகப் பரவிற்று. 1948ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆதரவில் இத்தகைய தொண்டு அமைப்புகளுக்கு ஓர் ஒருங்கிணைப்புக் குழுவே ஏற்பட்டது. நம் நாட்டுக்கும் அந்த அலை வந்து சேர்ந்தது. சரவாக்கில் பணியாற்றிய அலெக் டிக்சன் என்னும் ஆங்கிலேயர், பள்ளிப்படிப்பை முடித்துப் பல்கலைக்கழகத்தில் சேருமுன் ஓராண்டு காத்திருந்த இளைஞர்களை வெளிநாடுகளுக்குத் தொண்டு செய்ய அனுப்பலாம் என்று எண்ணினார். 1958ஆம் ஆண்டில் புறப்பட்ட முதல் அணியினரில் சிலர் வந்திறங்கிய இடம் சரவாக். பதினெட்டு வயதுப் பையன்கள். தெரிந்த தொழில் ஏதுமில்லை. இபான் மக்களின் நீள்வீட்டில் உட்கார்ந்து, சைகையால் சோறு கேட்டு, பிறகு சொல்லால் கேட்கப் பழகினால்தான் பிழைக்க முடியும். உதவி செய்ய வந்தவன் முதலில் உதவி கேட்க வேண்டியவனாகிறான். மொழி தெரியாத ஊரில் எவனும் முதல் மாதம் குழந்தைதானே!

இதுவரை சொன்னவற்றில் ஐரோப்பியர் வெளியே போனார்கள். அவர்கள் தமக்குள்ளேயே செய்துகொண்டது என்ன? ஐரோப்பாவில் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் நாடு மாறும். நாடு மாறினால் மொழி மாறும். 1985ஆம் ஆண்டில் பாரிசில் பிராங்க் பியான்செரி என்ற மாணவரும் அவருடைய நண்பர்களும் பல நாட்டு மாணவர்களைக் கூட்டி ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்று அதை 'ஏஜே' என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். இந்தச் சங்கத்தின் அமைப்பில் ஒரு விசேஷம் உண்டு. நாட்டுக் கிளை என்று ஒன்று கிடையாது. நகரக் கிளை இருக்கும்; அதற்கு மேல் ஐரோப்பா முழுவதற்குமான அவை இருக்கும். இடையில் தேசம் என்ற படி இல்லை. ஒரு நகரத்து மாணவன் மற்றொரு நகரத்து மாணவனோடு நேரே பேசிக்கொள்கிறான்.

1988ஆம் ஆண்டு முதல் இவர்கள் 'கோடைப் பல்கலைக்கழகம்' என்ற ஒன்றை நடத்தி வருகிறார்கள். பெயரைக் கேட்டுப் பெரிதாக எண்ண வேண்டாம். கட்டடமும் இல்லை, பட்டமும் இல்லை. கோடை விடுமுறையில் ஏறத்தாழ இரண்டு வாரம், ஒரு நகரத்து மாணவர்கள் பிற நாட்டு மாணவர்களைத் தம் ஊருக்கு அழைக்கிறார்கள். மொழி வகுப்பு உண்டு. ஊர் சுற்றிக் காட்டுவது உண்டு. சமையலும் பாட்டும் கூத்தும் உண்டு. படுக்கை சில சமயம் உடற்பயிற்சிக் கூடத்துத் தரையாகவும் இருக்கும். கட்டணம் குறைவு. நடத்துபவர் எவரும் சம்பளம் வாங்காததே அதன் இரகசியம். காலையில் வகுப்பில் கற்ற சொல்லை மாலையில் ரொட்டிக் கடையில் செலவழிக்க வேண்டும். அங்கே தவறாகச் சொன்னால் வேறு ரொட்டி வரும். இதைவிடச் சிறந்த தேர்வு ஏது? ஐரோப்பிய அரசுகள் 1987ஆம் ஆண்டில் தொடங்கிய எராஸ்மஸ் மாணவர் பரிமாற்றத் திட்டத்திற்காக வாதாடியவர்களிலும் இந்தச் சங்கத்தார் உண்டு. முதலாண்டில் 11 நாடுகளைச் சேர்ந்த 3,244 மாணவர்கள் அத்திட்டத்தில் பயணம் செய்தார்கள்.

இனி, தங்காக்கின் துணிக்கடைக்கு மிக நெருங்கிய உதாரணத்துக்கு வருவோம். இன்று போலந்து நாட்டில் உள்ள பியாலிஸ்டாக் என்ற ஊர் அன்று ரஷ்யப் பேரரசில் இருந்தது. அதுவும் துணி நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர்தான். அங்கே போலந்துக்காரர், ரஷ்யர், ஜெர்மானியர், யூதர் என நான்கு கூட்டத்தார் நான்கு மொழி பேசி வாழ்ந்தனர். ஆனால் நம் ஊர்க் கடையில் காணும் இணக்கம் அங்கே இல்லை, பகை இருந்தது. 1859ஆம் ஆண்டில் அவ்வூரில் பிறந்த சமன்ஹோப் என்ற சிறுவன், ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாததே இந்தப் பகைக்குக் காரணம் என்று கருதினான். அது முழு உண்மையன்று என்பது நம் கருத்து. ஒரே மொழி பேசும் அண்ணன் தம்பி வெட்டிக்கொள்ளவில்லையா? எனினும் பையனின் முயற்சி பெரிது. வார்சாவில் பள்ளி மாணவனாக இருக்கும்போதே ஒரு பொதுமொழியை உருவாக்கி, 1878ஆம் ஆண்டில் வகுப்புத் தோழர்களைக் கூட்டி அதற்கு விழாவும் எடுத்தான். அதைத் திருத்திப் புதுக்கி 1887ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டபோது அவர் மருத்துவர். அந்த மொழியே எஸ்பெராண்டோ.

தமிழருக்கு இந்த மொழியின் போக்கு அந்நியமாகப் படாது. பகுதியோடு விகுதியை ஒட்டிச் சொல்லாக்குவது நம் வழக்கமன்றோ? படி, படிப்பு, படிப்பாளி என்று நாம் சொல்வதைப்போல, அவர்கள் 'லெர்னி' என்றால் கற்றல், 'லெர்னேயோ' என்றால் கற்கும் இடம், 'லெர்னாந்தோ' என்றால் கற்பவன் என்பார்கள். பெயர்ச்சொல் எல்லாம் 'ஓ'வில் முடியும். பெயரடை 'ஆ'வில் முடியும். விதிவிலக்குத் தேட வேண்டியதில்லை.

இந்த மொழி பயிலும் ஐரோப்பிய இளைஞர் சிலர், இணையம் பரவிய புதிதில் கூடிப் பேசி, எவரும் காசில்லாமல் கற்கத்தக்க ஒரு தளம் அமைக்க முற்பட்டார்கள். 2002ஆம் ஆண்டு டிசம்பரில் அது திறக்கப்பட்டது. ஒருவர் பாடம் எழுதினார், ஒருவர் படம் வரைந்தார். வேறு நாடுகளில் இருந்தோர் தத்தம் மொழியில் பெயர்த்தனர். அவர்களுடைய அமைப்பு பிறகு சுலோவாக்கியாவில் பதிவு பெற்றது. சுலோவாக் மொழியையும் ஜெர்மன் மொழியையும் கற்பிக்கும் தளங்களையும் அமைத்தது. முதல் தளத்திற்கு அவர்கள் இட்ட பெயர் 'லெர்னு'.

அந்தப் பெயரை நாம் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். 'லெர்னு' என்பதும் ஒருவகை ஏவல்தான். ஆனால் எஸ்பெராண்டோவில் 'உ' என்ற அந்த விகுதி கட்டளைக்கும் வரும், விருப்பத்திற்கும் வரும். 'நாம் கற்போமாக' என்று சொல்லவும் அதே விகுதிதான். தமிழிலோ இவ்விரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறோம். 'வெட்டு' என்பது ஏவல். 'கற்க', 'வாழ்க' என்பன வியங்கோள். சொல்கிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் நடுவே அதில் மேல்கீழ் இல்லை. சின்னத் துரை நம்மிடம் கற்றது முதல் வகை. இந்த மாணவர்கள் தம் வாசலில் எழுதி வைத்தது இரண்டாம் வகை.

எல்லாம் நன்றாயிருக்கிறது என்று நாம் சொல்லவில்லை. மாணவர் சங்கத்திற்குப் பிறவியிலேயே ஒரு நோய் உண்டு. நன்றாக வேலை செய்யப் பழகும் நேரத்தில் மாணவன் பட்டம் பெற்றுப் போய்விடுவான். அடுத்து வருபவன் அகரத்திலிருந்து தொடங்க வேண்டும். வெளிநாட்டில் சில வாரத் தொண்டு என்பதிலும் குறையுண்டு. நாம் அறிந்த ஒரு பள்ளிக்கு, பெயர் வேண்டாம், மூன்று வாரத்திற்கு இரண்டு ஐரோப்பிய மாணவர்கள் ஆங்கிலம் கற்பிக்க வந்தார்கள். ஏற்பாடு செய்தவர்கள் பாடத்திட்டம் ஒன்றும் கொடுக்கவில்லை. முதல் வாரம் ஆட்டமும் பாட்டமுமாகக் கழிந்தது. பாடம் நின்றுபோன வகுப்பாசிரியைக்கு மனக்குறைதான். இரண்டாம் வாரம் ஒரு மாணவர், எழில் என்ற சிறுமியை 'எஸில், எஸில்' என்று அழைக்க, வகுப்பே சிரித்தது. பிள்ளைகள் அவரைக் கரும்பலகைக்கு முன் நிறுத்தி நாக்கை மடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டில் தமிழே பேசாத ஒரு பையனும் ஓடிவந்து, தனக்கே சரியாக வராத 'ழ'வை அவரோடு சேர்ந்து பழகினான். ஆசிரியைக்கு அன்று வந்த மகிழ்ச்சியை நாம் நேரில் கண்டோம்.

அந்தப் பையனைப் போன்றவர்கள் நம்மிடையே பெருகி வருகிறார்கள். தமிழ்ப் பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் உண்டு. செம்பனைத் தோட்டத்தை விட்டுப் பட்டணத்தில் குடியேறி, தாத்தாவோடு பேசச் சொல் கிடைக்காமல் நிற்கும் பிள்ளைகளும் உண்டு. இவர்களுக்கு யார் கற்பிப்பது? ஐரோப்பாவிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. பருவ விடுமுறையில் நம் பல்கலைக்கழக மாணவர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். ஒரு மண்டபம், ஒரு பலகை, சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம், எட்டு வாரம். தமிழ் தெரியாத தமிழ்ப் பிள்ளைகளோடு, விரும்பும் மலாய், சீன நண்பர்களையும் உட்கார வைக்கலாம். அவர்கள் ஒரு மணி தமிழ் கற்றால், அடுத்த மணி நமக்குச் சீனம் கற்றுத் தரட்டும். முதல் நாளில் அரிச்சுவடி வேண்டாம். ஒருவர் பெயரை மற்றவர் சரியாகச் சொல்லப் பழகினால் போதும். இரண்டாம் வாரம் துணிக்கடைக்கு அழைத்துப் போய், ஒவ்வொருவரையும் தனக்குப் புதிய மொழியில் ஒரு முழம் துணிக்கு விலை கேட்கச் சொல்லுங்கள்.