உண்ட உணவு ஆற்றலாவது எங்கே?

“நேற்று முழுவதும் எதுவும் சாப்பிடவில்லை, அதனால் இன்சுலினும் போடவில்லை.” காய்ச்சலோடும் வாந்தியோடும் அழைத்துவரப்படும் நீரிழிவு நோயாளிகளின் வீட்டார் சொல்ல நாம் அடிக்கடி கேட்பது இது. உணவு இல்லையென்றால் மருந்தும் வேண்டியதில்லை என்னும் கணக்கு, கேட்பதற்கு நியாயமாகவே தோன்றுகிறது. ஆயினும் அது உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும். ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, உணவிலுள்ள ஆற்றல் உடலின் எந்த இடத்தில் வெளிப்படுகிறது என்பதை அறிய வேண்டும்.

அது இரைப்பையில் வெளிப்படுவதில்லை. கோட்டக்குப்பத்து வாசகர்கள் நன்கறிந்த நோன்புக் கஞ்சியையே எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள அரிசி செரித்துக் குளுக்கோஸாகிறது. பருப்பும் கறியும் அமினோ அமிலங்களாகின்றன. எண்ணெயும் தேங்காயும் கொழுப்பு அமிலங்களாகின்றன. சிறுகுடல் இவற்றை உறிஞ்சி இரத்தத்தில் சேர்க்கிறது. இதுவரை நடந்தது வெறும் சரக்குப் போக்குவரத்துதான். ஆற்றல் பிறப்பது கண்ணுக்குத் தெரியாத உயிரணுக்களுக்குள்.

உயிரணுவுக்குள் புகும் குளுக்கோஸ் முதலில் இரண்டாகப் பிளக்கப்படுகிறது. இதற்கு ஆக்சிஜன் தேவையில்லை. கிடைக்கும் ஆற்றலும் சொற்பமே. பிளந்த துண்டுகள் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புக்குள் சென்று, நாம் மூச்சில் இழுத்த ஆக்சிஜனின் துணையோடு படிப்படியாகச் சிதைக்கப்படும்போதுதான் பெரும்பகுதி ஆற்றல் வெளிப்படுகிறது. எஞ்சுவன நீரும் கரியமில வாயுவும். விறகு எரிந்தாலும் முடிவில் இவையே மிஞ்சும். ஆனால் விறகு ஒரே மூச்சில் எரிகிறது. உயிரணு அவ்வாறு எரித்தால் தானே வெந்துபோகும். ஆகவே பற்பல சிறு படிகளில் ஆற்றலை விடுவித்து, ஏ.டி.பி. என்னும் மூலக்கூறில் அதனைச் சேர்த்துவைக்கிறது. இதயம் துடிப்பதற்கும் விரல் அசைவதற்கும் செலவாவது இந்த ஏ.டி.பி.தான். நெஞ்சு நோயாளிகளும் இரத்தசோகை உள்ளவர்களும் நன்றாகச் சாப்பிட்ட பின்னும் சோர்ந்து கிடப்பதன் ஒரு காரணம் இங்கே புலப்படும்: சரக்கு வந்திருக்கிறது, ஆக்சிஜன் போதவில்லை. (ஆக்சிஜனைச் சுமந்து திரியும் சிவப்பணுக்களில் மைட்டோகாண்ட்ரியாவே இல்லை என்பது ஒரு விந்தை. தாம் சுமப்பதை அவை தமக்கெனத் தொடுவதில்லை.)

இந்த ஏ.டி.பி.யைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் என்பதை நம்மில் பலர் அறியோம். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமாவரத்தில் 1895இல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவின் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்குடன் இணைந்து தசையை ஆராய்ந்து, 1929இல் இம்மூலக்கூறைப் பற்றி வெளியிட்டார். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமானும் அதனைத் தனியே கண்டறிந்தார். சுப்பாராவ் தம் உடன்பிறந்தோர் இருவரை ஸ்ப்ரூ என்னும் நோய்க்குப் பறிகொடுத்தவர். உண்ட உணவைக் குடல் உறிஞ்ச இயலாமல் உடல் தேய்ந்துபோகும் நோய் அது. பிற்காலத்தில் அவர் தலைமையில் இயங்கிய ஆய்வுக் குழுதான் அந்நோய்க்கும் சில இரத்தசோகைகளுக்கும் பயன்படும் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. உணவு உள்ளே போவது வேறு, உடலுக்குப் பயன்படுவது வேறு என்பதை அவரளவு நெருங்கி அறிந்தவர் சிலரே.

நீரிழிவிலும் நேர்வது ஏறத்தாழ இதுவே, தடைமட்டும் வேறிடத்தில். தசையிலும் கொழுப்புத் திசுவிலும் உள்ள உயிரணுக்களுக்குள் குளுக்கோஸ் புகுவதற்கு இன்சுலின் கதவைத் திறந்துவிட வேண்டும். அது இல்லாதபோது, வாசலில் அரிசி மூட்டைகள் குவிந்திருக்க, பூட்டிய வீட்டுக்குள் பட்டினி கிடப்பது போன்ற நிலை உண்டாகிறது. சர்க்கரை மிகுந்த நோயாளி களைப்பாக இருக்கிறார் என்று குளுக்கோஸ் பானம் கரைத்துக் கொடுப்பதால் மூட்டைகள் கூடுமே தவிரப் பசி தீராது.

இனித் தொடக்கத்தில் சொன்ன கணக்குக்கு வருவோம். நாம் உண்ணாத வேளையிலும் கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து குளுக்கோஸை இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது; அதனை அளவோடு நிறுத்துவதும் இன்சுலினே. காய்ச்சலின்போது சுரக்கும் பிற ஹார்மோன்கள் சர்க்கரையை மேலும் ஏற்றுகின்றன. இன்சுலின் அறவே இல்லையெனில், பட்டினி கிடக்கும் உடல் கொழுப்பைத் தாறுமாறாகக் கரைக்கிறது. அதிலிருந்து பிறக்கும் கீட்டோன் அமிலங்கள் இரத்தத்தைப் புளிக்கச் செய்கின்றன. வயிற்றுவலி, வாந்தி, ஆழ்ந்த வேகமான மூச்சு, மூச்சில் பழவாடை, மயக்கம் ஆகியவை அதன் அறிகுறிகள். இவற்றுள் எது தென்பட்டாலும் காலை விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள், 108ஐ அழையுங்கள்.

ஆகவே காய்ச்சல் நாளில் இன்சுலினைத் தாமாக நிறுத்த வேண்டாம். அளவைக் குறைக்கவோ கூட்டவோ வேண்டியிருக்கலாம். அதை மருத்துவரிடம் கேட்டே செய்யுங்கள். முதல் வகை நீரிழிவு உள்ளோர் எந்நாளும் அதனை முற்றிலும் விடலாகாது. மாத்திரைகளின் நிலை வேறு. வாந்தியும் வயிற்றுப்போக்கும் உள்ள நாளில் சிலவற்றைச் சிறிது காலம் நிறுத்தவே வேண்டும், அதனையும் கேட்டறியுங்கள்.

நோன்பு நோற்க விரும்பும் நீரிழிவு நோயாளிகள் ரமலானுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே வந்து, மருந்தின் அளவையும் வேளையையும் மாற்றி அமைத்துக்கொள்வது நல்லது. பகலில் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறிவதில்லை என்பதே பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கருத்து. அளவு 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ அன்றைய நோன்பை விட்டுவிட வேண்டும். நடுக்கம், வியர்வை, படபடப்பு ஆகியவை சர்க்கரை இறங்குவதைக் காட்டுபவை. அப்போது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து உடனே கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். நினைவிழந்தவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள்.