திடீரென ஹேங் ஆகும் கம்ப்யூட்டர்: ஃபார்மட் செய்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

நன்றாக ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரில் திடீரென ஃபேன் இரைகிறது. அடித்த எழுத்து இரண்டு விநாடி கழித்துத்தான் திரையில் விழுகிறது. சற்று நேரத்தில் எல்லாம் தானாகவே சரியாகிவிடும். பிறகு மறுபடியும் அதே கதை. இப்படி ஆனால் பெரும்பாலோருக்குக் கிடைக்கும் ஆலோசனை இரண்டுதான்: ஒன்று ‘ஃபார்மட் போடுங்கள்’, இன்னொன்று ‘ரேம் கூட்டுங்கள்’. இரண்டும் சில சமயம் பலிக்கும். காரணம் தெரியாமல் செய்தால், பணமும் ஒரு நாள் வேலையும் போன பிறகு தொல்லை அப்படியே திரும்பி வரலாம். காரணத்தைக் காட்டும் கருவிகள் விண்டோஸிலேயே இருக்கின்றன.

நடக்கும்போதே பிடியுங்கள்

ஹேங் ஆன பிறகு தேடினால் தடயம் கிடைப்பது கடினம். முன்கூட்டியே கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து வையுங்கள். அதன் அமைப்புகளில் ‘ஆல்வேஸ் ஆன் டாப்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், மற்ற ஜன்னல்களுக்குப் பின்னால் மறையாது. ‘சிபியு’ என்ற தலைப்பைச் சொடுக்கினால், அதிகம் உழைக்கும் புரோகிராம் பட்டியலின் உச்சிக்கு வரும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. மேலே தெரியும் சதவீதம் எல்லா லாஜிக்கல் புராசஸர்களுக்கும் (சிபியுவுக்குள் விண்டோஸ் தனித்தனியாக எண்ணும் வேலைப் பகுதிகளுக்கும்) சேர்த்துப் போட்ட கணக்கு. நான்கு இருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் முடிவில்லாத சுழலில் சிக்கி ஒன்றை முழுதாகப் பிடித்துக்கொண்டால், மொத்தம் சுமார் 25 சதவீதம் என்றுதான் காட்டும். எட்டு இருந்தால் 12 அல்லது 13. ‘இவ்வளவுதானே’ என்று கடந்து போய்விடுவோம். ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்தில் வரைபடத்தின் மேல் வலது சொடுக்கு செய்து, லாஜிக்கல் புராசஸர்களைத் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். ஒரு கட்டம் மட்டும் உச்சியில் ஒட்டிக்கொண்டிருக்க, மற்றவை தரையோடு கிடந்தால் ஒரே வேலை எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது என்று ஊகிக்கலாம். (விண்டோஸ் அந்த வேலையைக் கட்டத்துக்குக் கட்டம் மாற்றிக்கொண்டும் இருக்கலாம். அதனால் 25, 12.5 போன்ற எண்ணில் அசையாமல் நிற்கும் புரோகிராமையும் கவனியுங்கள்.)

பட்டியலின் உச்சியில் யார்?

பிரவுசர் என்றால், குரோம், எட்ஜ் இரண்டிலும் ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்துங்கள். எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் என்று தனியாகத் தெரியும். அதை மட்டும் மூடினால் போதும்.

‘ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள்’ என்பது விண்டோஸின் சொந்த வைரஸ் காவலான டிஃபெண்டர். ‘விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர்’ அப்டேட் வேலை பார்ப்பது. கோப்புகளுக்கு அட்டவணை போடும் சர்ச் இண்டெக்ஸரும் இந்த வகைதான். மூன்றும் நியாயமான வேலைக்காரர்கள். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு சார்ஜரைச் செருகி, கம்ப்யூட்டரை ஓரிரு மணி நேரம் சும்மா விடுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். நாள்கணக்கில் அடங்காவிட்டால்தான் அது கோளாறு. ‘சர்வீஸ் ஹோஸ்ட்’ மேலே நின்றால், பக்கத்திலுள்ள சிறு அம்புக்குறியை விரித்து உள்ளே எந்தச் சேவை ஓடுகிறது என்று பாருங்கள்.

பெயர் புரியாத ஒன்று இருந்தால், வலது சொடுக்கு செய்து அதன் கோப்பு இருக்கும் இடத்தைத் திறக்கலாம். விண்டோஸ் கோப்பின் பெயரை வைத்துக்கொண்டு, விண்டோஸ் ஃபோல்டருக்கு வெளியே குடியிருந்தால் சந்தேகப்படுங்கள். கிரிப்டோ நாணயத்துக்காகத் திருட்டுத்தனமாக ஓடும் சில மால்வேர்கள், டாஸ்க் மேனேஜர் திறந்ததும் அடங்கிவிடும். திறந்தவுடன் ஃபேன் ஓய்ந்து, மூடியவுடன் மறுபடி இரைந்தால், டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டிப் பாருங்கள்.

‘சிஸ்டம் இன்டரப்ட்ஸ்’ தனி வகை. அது புரோகிராமே அல்ல. வன்பொருள்கள் சிபியுவைக் கூப்பிட்டுக் கவனம் கேட்பதன் கணக்கு. வழக்கமாக 1 சதவீதத்துக்கும் கீழே இருக்கும். 5, 10 என்று ஏறி நின்றால் டிரைவரிலோ வன்பொருளிலோ கோளாறு. யுஎஸ்பியில் செருகியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றியதும் இறங்குகிறதோ அங்கே இருக்கிறது காரணம்.

சிபியு சும்மா இருக்க, திரை உறைந்தால்

சிபியு 10 சதவீதத்தில் இருக்கும்போதே எல்லாம் உறைவதுண்டு. சமையற்காரர் தயாராக நிற்கிறார், கடைக்குப் போனவர் காய்கறியோடு இன்னும் திரும்பவில்லை என்பது போன்ற நிலை இது. முதலில் டிஸ்க்கைப் பாருங்கள். ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்தில் டிஸ்க்கின் சராசரி பதில் நேரம் மில்லிவிநாடியில் தெரியும். நல்ல எஸ்எஸ்டியில் அது பெரும்பாலும் ஒற்றை இலக்கத்தில் இருக்கும். உறையும்போதெல்லாம் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் ஏறினால், உடனே முக்கியக் கோப்புகளை வேறிடத்தில் பிரதி எடுங்கள், மற்றதெல்லாம் பிறகு. ‘ஈவென்ட் வியூவர்’ கருவியின் சிஸ்டம் பதிவில் டிஸ்க் தொடர்பாக 7, 129, 153 ஆகிய நிகழ்வு எண்கள் அடிக்கடி தென்பட்டால், டிஸ்க்கோ கேபிளோ டிரைவரோ பழுது என்ற சந்தேகம் வலுக்கும்.

மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கும்போது மட்டும் உறைகிறதா? அப்போது ரேம் கூட்டுவதில் பொருள் உண்டு. வேலை அதிகமாக இருந்தும் சிபியு வேகம் 0.8 கிகாஹெர்ட்ஸ் போல அடிமட்டத்திலேயே நிற்கிறதா? சூடேறியதால் அது தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொண்டிருக்கலாம். தூசி அடைத்த ஃபேனைச் சுத்தம் செய்யுங்கள். லேப்டாப்பில் பொருந்தாத சார்ஜரும் இதையே செய்யும்.

இவை எதிலும் சிக்காத காரணங்களும் உண்டு. ரைசன் சிபியு உள்ள சில கம்ப்யூட்டர்கள் விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அவ்வப்போது கணநேரம் திக்கின. அதற்குப் பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் டிபிஎம் பகுதிதான் காரணம் என்று 2022 மார்ச்சில் ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனமே ஒப்புக்கொண்டது. பயாஸ் அப்டேட்தான் தீர்வாக வந்தது. அங்கே எத்தனை முறை ஃபார்மட் போட்டிருந்தாலும் பயன் இருந்திருக்காது.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்

‘ரிலையபிலிட்டி மானிட்டர்’ என்று தேடித் திறந்தால், எந்த நாளில் எது நிறுவப்பட்டது, எது செயலிழந்தது என்று தேதிவாரியாகக் காட்டும். தொல்லை தொடங்கிய நாளுக்கு முன் புதிதாக வந்தது எது என்று பாருங்கள். அதிலும் விடை இல்லையென்றால் ‘எம்எஸ்கான்ஃபிக்’ திறந்து, மைக்ரோசாஃப்ட் சேவைகளை மறைக்கச் சொல்லிவிட்டு, மீதமுள்ளவற்றை நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்யுங்கள். தொல்லை நின்றால், நிறுத்தியவற்றைப் பாதி பாதியாகத் திரும்ப இயக்கிக் குற்றவாளியை நெருங்கலாம். ஒரே நேரத்தில் நான்கு மாற்றம் செய்தால், எது குணமாக்கியது என்று தெரியாமலே போய்விடும்.

டிரைவரும் புரோகிராமும் கெட்டுப்போயிருந்தால் ஃபார்மட் உதவும். டிஸ்க், கேபிள், சூடு, சார்ஜர் இவற்றின் கோளாறை அது சரிசெய்யாது. எந்த நேரத்தில் உறைந்தது, அப்போது பட்டியலில் எந்தப் பெயர் மேலே இருந்தது, டிஸ்க் என்ன காட்டியது என்ற மூன்றையும் குறித்து, கைபேசியில் ஒரு படமும் எடுத்துக்கொண்டு சர்வீஸ் கடைக்குப் போங்கள். பழுது பார்ப்பவருக்கும் அது பெரிய உதவி. தேவையில்லாத செலவை மறுக்க உங்களுக்கும் ஆதாரம் இருக்கும்.