மூன்று மடங்கு என்ற கணக்கு

அரசியல் செய்திகளில் அப்பட்டமான பொய்யைப் பிடிப்பது இன்று ஓரளவு எளிதாகிவிட்டது. பழைய படத்தைப் புதியதென்று போட்டால் மாலைக்குள் யாராவது கண்டுபிடித்துவிடுகிறார்கள். பிடிபடாமல் தப்புவது வேறொரு வகை. எண் சரியாக இருக்கும், தேர்தல் ஆணையமே வெளியிட்டதாக இருக்கும். அதை வைத்துச் சொல்லும் முடிவு மட்டும் நிற்காது. 2024 மக்களவைத் தேர்தலுக்குப் பிறகு தமிழ்நாட்டு விவாத மேடைகளில் அடிபட்ட ஒரு கூற்றை எடுத்துக்கொள்வோம். 2019இல் ஏறத்தாழ 3.7 சதவீதம் வாக்கு வாங்கிய பா.ஜ.க., 2024இல் 11 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. ஐந்தே ஆண்டில் மூன்று மடங்கு வளர்ச்சி. இரண்டு எண்ணும் உண்மை. வகுத்தால் மூன்று வருவதும் உண்மை.

விட்டுப்போன கேள்வி ஒன்றுதான்: எத்தனை தொகுதிகளில் நின்று? 2019இல் அ.தி.மு.க. கூட்டணியில் பா.ஜ.க.வுக்குக் கிடைத்தவை கோவை, கன்னியாகுமரி, தூத்துக்குடி, ராமநாதபுரம், சிவகங்கை ஆகிய ஐந்து தொகுதிகள். மற்ற இடங்களில் வாக்குப்பதிவு இயந்திரத்தில் தாமரைச் சின்னமே கிடையாது. 2023 செப்டம்பரில் அ.தி.மு.க. கூட்டணியை முறித்துக்கொண்டது. 2024இல், சின்னத்தைப் பகிர்ந்துகொண்ட சிறு கட்சிகளின் வேட்பாளர்களையும் சேர்த்து, 23 தொகுதிகளில் தாமரை களத்தில் இருந்தது. ஆணையம் தரும் சதவீதம், ஒரு கட்சி வாங்கிய வாக்கை மாநிலம் முழுவதும் பதிவான வாக்கால் வகுத்து வருவது. கட்சி நிற்காத தொகுதியின் வாக்குகளும் அந்த வகுத்தலில் சேர்ந்துவிடும். 39 தொகுதி கொண்ட மாநிலத்தில் ஐந்தில் மட்டும் நிற்கும் கட்சி, அங்கே ஒரு ஓட்டு பாக்கியில்லாமல் அள்ளினாலும் மாநிலக் கணக்கில் 13 சதவீதத்தைத் தொடுவதே பெரும்பாடு.

சரி, நின்ற தொகுதிகளுக்குள் மட்டும் கணக்குப் போட்டால்? 2019இல் சராசரியாகச் சுமார் 28 சதவீதம், 2024இல் ஏறத்தாழ 19. இதைப் பார்த்ததும் எதிர்முகாம் விமர்சகர் ‘மூன்றில் ஒரு பங்கு சரிந்துவிட்டது’ என்று துள்ளுவார். அதுவும் அதே தவறுதான், திசை மட்டும் மாறியிருக்கிறது. 2019இன் 28 சதவீதத்தில் அ.தி.மு.க.வின் இரட்டை இலைக்கே ஓட்டுப் போட்டுப் பழகியவர்களின் வாக்கு எவ்வளவு, தாமரைக்கென்றே விழுந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எந்த ஆவணமும் இல்லை. இரண்டு பெரிய திராவிடக் கட்சிகளின் துணையும் இல்லாமல் 23 தொகுதிகளில் நின்று, அங்கே வாக்களித்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரின் ஓட்டை வாங்கியது என்பது வரைதான் துணிந்து சொல்லலாம். ஆளையே நிறுத்த முடியாத கட்சிக்கு அத்தனை இடங்களில் நிற்பதே வளர்ச்சி என்று வாதிடலாம். அது நியாயமான வாதம். அப்படியானால் அதையே சொல்ல வேண்டும். மூன்று மடங்கு என்ற எண்ணை அதற்குச் சாட்சியாகக் கூப்பிடக் கூடாது.

எத்தனை தொகுதிகளில் நின்று என்ற இதே கேள்வியை இரண்டு திராவிடக் கட்சிகளிடமும் கேட்டால் விடை வேறுவேறாக வருகிறது. தி.மு.க.வின் வாக்கு 33 சதவீதச் சொச்சத்திலிருந்து 27க்கு இறங்கியது. அதன் சின்னமான உதயசூரியன் நின்ற தொகுதிகளும் 24இலிருந்து 22ஆகக் குறைந்தன; ஆனால் அந்த இரண்டு தொகுதி மட்டும் சரிவை விளக்கிவிடாது. நின்ற இடங்களில் பாதிக்கு மேல் இருந்த சராசரி, பாதிக்குக் கீழே வந்திருக்கிறது. ஆக, அந்தச் சரிவு பெரும்பாலும் நிஜம். 39க்கு 39 என்ற கொண்டாட்டத்தில் அதைப் பேச ஆளில்லாமல் போனது. அ.தி.மு.க.வோ 19இலிருந்து 20 சதவீதத்துக்கு வந்து, வாக்கு வங்கியைத் தக்கவைத்ததாகப் பாராட்டும் பெற்றது. இரட்டை இலை 2024இல் 34 தொகுதிகளில் நின்றது. முந்தைய தேர்தலைவிடப் பன்னிரண்டு தொகுதி அளவுக்கு அதிகம். அத்தனை கூடுதல் இடங்களில் நின்றும் ஒரு சதவீதம்தான் ஏறியது என்றால் தக்கவைத்தது எதை?

‘ஜெயித்தவர் யார் என்பதுதானே முக்கியம், சதவீதத்தைக் கட்டிக்கொண்டு ஏன் அழ வேண்டும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. ஆட்சி அமைக்க இடங்கள்தான் வேண்டும், மறுப்பில்லை. ஆனால் இடங்களின் எண்ணிக்கையை மக்களின் மனமாக வாசிக்கும்போது சறுக்குகிறது. 2014இல் தமிழ்நாட்டில் 23 சதவீதத்துக்கு மேல் வாங்கிய தி.மு.க.வுக்கு ஓர் இடமும் இல்லை. முடிந்துபோன கட்சி என்ற பேச்சு அப்போது எழுந்தது. இரண்டே ஆண்டில், 2016 சட்டமன்றத் தேர்தலில், அது 89 இடங்களோடு வந்தது. தி.மு.க., அ.தி.மு.க. அணிகளுக்கு இடையே வாக்கு வித்தியாசம் ஏறத்தாழ ஒரு சதவீதம். அதே 2014இல் நாடு முழுவதும் 4 சதவீதத்துக்கு மேல் பெற்று, வாக்குக் கணக்கில் மூன்றாம் இடம் பிடித்த பகுஜன் சமாஜுக்குக் கிடைத்தது பூஜ்யம். அதைவிடக் குறைவாக 3.3 சதவீதம் பெற்ற அ.தி.மு.க.வுக்கு 37 இடங்கள். வாக்கு ஒரே மாநிலத்தில் குவிந்திருந்ததும் எதிரிகள் பிரிந்து நின்றதும்தான் வித்தியாசம். 2024இல் பா.ஜ.க. 303இலிருந்து 240க்கு இறங்கியபோது நாடளவில் அதன் வாக்கு குறைந்தது ஒரு சதவீதத்துக்கும் கீழே. ‘நாடே நிராகரித்தது’ என்று முழங்கியவர்கள் இந்த எண்ணைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

தலைவர் ஒருவர் சொன்னதை அப்படியே சொல்வது செய்தியாளர் கடமை, கணக்குப் பார்ப்பது அவர் வேலையில்லை என்றொரு சமாதானமும் இருக்கிறது. மேடைப் பேச்சைச் செய்தியாக்கும்போது அது ஓரளவு பொருந்தும். அதே எண்ணைத் தன் திரையில் வண்ணப் பெட்டி போட்டுக் காட்டும் தொலைக்காட்சிக்கும், தன் பெயரில் கட்டுரை எழுதும் விமர்சகருக்கும் பொருந்தாது. அங்கே கூற்று அவர்களுடையதாகிவிடுகிறது. நேரமில்லை என்பதும் செல்லாது. ஒரு மணி நேரம் நான்கு பேரைக் கத்தவிட நேரமிருக்கும்போது, சதவீதத்துக்குப் பக்கத்தில் ‘நின்ற தொகுதிகள்: 23’ என்று ஒரு வரி சேர்க்க இடமில்லையா? எந்தக் கட்சி எத்தனை இடங்களில் நின்றது, ஒவ்வொரு தொகுதியிலும் எவ்வளவு வாங்கியது என்பதெல்லாம் ஆணையத்தின் இணையதளத்திலேயே கிடக்கிறது. வாக்குச்சாவடி வாரியான கணக்கு படிவம் 20இல் இருக்கிறது; யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.