சுவர் எழும் முன் ஒரு ஃபெங் சுயி

வீட்டுக்கடன் விண்ணப்பங்களோடு வரும் வரைபடங்களில் வாஸ்துவுக்கு அடுத்தபடியாக ஃபெங் சுயி குறிப்புகளையும் இப்பொழுது காண்கிறோம். சீன மொழியில் ‘காற்று, நீர்’ எனப் பொருள்படும் இக்கலையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். அதற்கான மாற்றங்களை எப்பொழுது செய்வது என்பதில்தான் நாங்கள் சொல்ல வேண்டியது உண்டு.

கட்டுமானக் கடன் ஒரே முறையில் வழங்கப்படுவதில்லை. அஸ்திவாரம், சுவர், மேல்தளம் என வேலை வளர வளரத் தவணைகளாக விடுவிக்கிறோம். அப்பொழுது கட்டடம் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தோடு ஒப்பிடப்படும். மேல்தளம் போட்டபின் சமையலறையை இடம் மாற்றினால், இடிப்பதற்கும் குழாய்களைத் திருப்புவதற்கும் ஆகும் செலவு மதிப்பீட்டில் இராது. கைப்பணத்திலிருந்தே வர வேண்டும். அடுத்த தவணையும் தடைபடலாம். கணினித் திரையிலோ அம்மாற்றத்திற்குச் செலவே இல்லை.

இதற்கென விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. இலவசமாகக் கிடைக்கும் ‘ஸ்வீட் ஹோம் 3டி’யில் சுவர், கதவு, கட்டில் ஆகியவற்றை அளவோடு அமைத்து முப்பரிமாணத்தில் காணலாம். வடதிசையைக் குறிக்கத் திசைகாட்டியும் அதிலுண்டு. திட்டத்தை அச்சிட்டு, கண்ணாடித்தாளில் வரைந்த பாகுவா எண்கோணத்தை மேலே வைத்தால், எட்டுப் பகுதிகளுள் எந்த அறை எதில் அமைகிறது என்பது விளங்கும். திசைகாட்டியைப் பின்பற்றும் மரபும், தலைவாசலை அடிப்படையாகக் கொள்ளும் மரபும் தனித்தனியானவை. ஒரே வீட்டிற்கு இரண்டும் வெவ்வேறு விடை தரக்கூடும். ஆதலால் முதலில் ஒன்றைத் தேர்ந்துகொள்வது நலம்.

வடக்கைச் சரியாகக் காண்பதே கடினம். சீனத் திசைகாட்டியான லுவோபான் வட்டத்தை 24 பிரிவுகளாக, 15 பாகை வீதம் பகுக்கிறது. முறுக்குக்கம்பிக் குவியலருகே கைப்பேசியை நீட்டினால், திசை அதற்கும் மேல் பிறழக்கூடும். மனையின் பல இடங்களில் பார்த்து, செயற்கைக்கோள் வரைபடத்தில் தெரியும் தெருவின் போக்கோடு ஒப்பிடுக.

வீடு தெற்கு நோக்குவது சிறப்பு என்னும் சீன வழக்கு, வடக்கிலிருந்து குளிர்காற்று வீசும் நிலத்தில் பிறந்தது. தில்லியின் குளிர்காலத்திற்கு அது பொருந்தும். நம் நாட்டுக் கோடைக்கோ மேற்குச் சுவரே முதற்கவலை. அதே மென்பொருளில் ஊரின் அமைவிடத்தைக் குறித்து, மே மாதப் பிற்பகல் மூன்று மணியைக் கொடுத்தால், வெயில் எச்சன்னல் வழியே விழும் எனப் படமாகக் காட்டும்.

உத்திரத்தின் கீழே கட்டில் ஆகாது என்பர். நகர்த்த வேண்டியது கட்டிலையே, உத்திரத்தை அன்று! தூண், உத்திரம் எதையும் பொறியாளரைக் கேளாமல் தொட வேண்டா.

திட்டம் முடிவானபின் உள்ளாட்சி அனுமதி பெற்று, அதற்குரிய மதிப்பீட்டோடு கிளைக்கு வருக. பின்னரும் மாற்றம் வேண்டுமெனில், வேலை தொடங்குமுன் திருத்திய வரைபடத்திற்கு அனுமதி பெற்று, அதன் நகலைக் கிளையில் அளிக்கக் கோருகிறோம்.